ஐந்தில் ஒரு பங்கு அகலம்

நெட்வொர்க்கில் குறை இல்லை என்று நதியா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாகஜோதிக்கு அன்றோடு வேலை போய்விடும்.

அந்த ஏற்றுமதிக் கம்பெனியின் தையல் கூடத்தில், தைத்து முடித்த துணிக்கட்டை, அதாவது பண்டிலை, பதிவு செய்ய ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிறு கருவி உண்டு. கம்பெனி சொந்தமாக அமைத்த 5ஜி அலையில் அது இயங்கும். நாகஜோதியின் கருவி மட்டும் அடிக்கடி செத்துச் செத்துப் பிழைத்தது. அவளே அணைத்துவிட்டு ஓய்வெடுக்கிறாள் என்பது மேலாளர் சிவபிரகாஷின் தீர்ப்பு.

அலையைச் சோதிக்கும் அனலைசரோடு விற்பனையாளர் அருள்குமார் வந்திருந்தார். திரையில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

“பாருங்க, சுத்தமா இருக்குது. குறையில்லைன்னு சொல்லிப்போடுங்க நதியா,” என்றார் சிவபிரகாஷ்.

நெட்வொர்க் பொறுப்பாளரான நதியா அருள்குமாரிடம் திரும்பினாள். “இது ஒரே நேரத்துல எத்தனை மெகாஹெர்ட்ஸ் பார்க்குமுங்க?”

“இருபதுங்க.”

“நம்ம அலையோட அகலம் நூறுங்க. ஒரு பங்கைப் பார்க்கறப்ப மத்த நாலுக்கும் இது குருடுங்களே.”

“நகர்ந்து நகர்ந்து முழுசும் பார்த்துருமுங்க.”

“அது நகர்ந்து வர்றதுக்குள்ள வேற அலையோட இடைஞ்சல் வந்துட்டுப் போயிருமுங்க.”

சிவபிரகாஷ் சிரித்தார். “ஏனுங்க, துணியில ஒரு வட்டம் வெட்டி எடை பார்த்துத்தான முழு ரோலையும் பாஸ் பண்றோம்? இதுக்கு மட்டும் என்னங்க?”

“கனம் பார்க்க வட்டம் போதுமுங்க. ஓட்டை பார்க்க? துணியை முழு அகலமும் விரிச்சு, அடியில லைட்டைப் போட்டுத்தான பார்க்கறோம்?”

“உங்களுக்கும் வேலை வேணுமில்லீங்களா?”

“வேணுமுங்க. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லித்தான் கிடைக்கும்னா வேண்டாமுங்க.”

தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த நாகஜோதி தன் மெஷினிலிருந்தே பதறினாள். “எனக்காக நீங்க மாட்டிக்கிடாதீங்க மேடம்.”

“நீங்க தைங்க. ரெண்டு கையும் துணி மேலயே இருக்கட்டும்,” என்ற நதியா, அருள்குமாரைக் கேட்டாள்: “நூறும் ஒரே தடவைல பார்க்கற மாடல் இருக்குதுங்களா?”

“வண்டியில இருக்குதுங்க. சார் சின்னதைத்தான் கேட்டாருங்க...”

“இப்ப நான் கேக்கறேன். எடுத்துட்டு வாங்க.”

பெரிய அனலைசர் வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள், சிவபிரகாஷ் இருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். திடீரென்று நாகஜோதியின் கருவி அணைந்தது. அவளுடைய இரண்டு கைகளும் துணியின்மேல்தான் இருந்தன. அதே கணத்தில், திரையின் வலது ஓரத்தில் ஊசிபோல் ஒரு கோடு எழுந்து மறைந்தது.

“வெளியில இருந்து வருதுங்க,” என்றார் அருள்குமார், தணிந்த குரலில். “எங்கிருந்துன்னு தேடணும்.”

“அப்பத் தேடி முடிக்கிற வரைக்கும் இந்தப் புள்ள ஊட்டுல இருக்கட்டும்,” என்றார் சிவபிரகாஷ்.

“இல்லீங்க. ஊட்டுக்கு அனுப்பணும்னா அந்தச் சின்ன அனலைசரை அனுப்புங்க. இந்தப் புள்ள இங்கதான் தைக்கும்.”

அவருடைய மறுமொழிக்கு நாகஜோதி காத்திருக்கவில்லை. அடுத்த பண்டிலின் கட்டை அவிழ்த்தாள்.