பிடுங்கிய இரண்டு பல்

அந்தத் தையல்காரிக்கு வலது தாடையில் வலி வந்து நாலு வருஷம். வெறும் தாடை என்றால் போகட்டும். கன்னத்தில் ஏறி, காதைக் குடைந்து, கழுத்து வழியாகத் தோள்பட்டைக்கு இறங்கும் பாழாய்ப்போன வலி. முகத்தில் வீக்கமில்லை, காயமில்லை. அப்புறம் எவன் நம்புவான்? "நல்லாத்தானே இருக்கே அண்ணி" என்று நாத்தனார் இளிக்கும்போதெல்லாம் நாலு அறை விடலாம் போலிருக்கும்.

பல்தான் காரணம் என்று அவளாகவே முடிவு கட்டினாள். "சொத்தையே இல்லையேம்மா" என்றார் பல் டாக்டர். விட்டாளா? அடம்பிடித்து ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வைத்தாள். மறு வருஷம் பக்கத்துப் பல்லையும். பல் போனதுதான் மிச்சம், வலி குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருந்தது.

மூன்றாவதையும் பிடுங்கச் சொன்னபோது, டாக்டர் பெரிய கும்பிடாகப் போட்டு பிசியோதெரபி பார்க்கும் ஒரு அம்மாவிடம் அனுப்பிவிட்டார். புருஷனும் கூட வந்தான்.

"வேலை செய்யறப்ப எப்படி இருப்பீங்களோ, அப்படியே உக்காந்து காட்டுங்க" என்றாள் அந்த அம்மா.

தையல்காரி முதுகைக் கூனி, கழுத்தை நீட்டி, பல்லை இறுகக் கடித்தாள்.

"ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?"

"குண்டூசி இருக்குமே. கை ரெண்டும் துணியில இருக்கும், வேற எங்க வைக்கிறது? நூலையும் பல்லாலதான் அறுப்பேன்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு."

"பல்லு மேல ஒரு குத்தமும் இல்லம்மா. தாடையும் கழுத்தும் இறுகிக் கெடக்கு."

சொல்லிக்கொண்டே பிடரிக்குமேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். வலி நின்றது. ஐயோ, நிஜமாகவே நின்றது! பத்து மூச்சு விடும் நேரம் தாடை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. நாக்கு தானாகப் போய் பல்லில்லாத பள்ளத்தைத் தொட்டது. அவள் ஓவென்று அழுதாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க. வலிக்கல."

தினமும் பயிற்சி செய்ய வேண்டும், சரியாக மாசக்கணக்கு ஆகும், முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள் அந்த அம்மா.

மாடிப்படி இறங்குவதற்குள் வலி பழையபடி திரும்பிவிட்டது. புருஷன் முகமெல்லாம் பல்லாக வந்தான். "பாத்தியா, தொட்டதும் நின்னுருச்சு! இனி என்ன கவலை?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வலி இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னே மறந்து போயிருந்தேங்க. அதனாலதான் நாலு வருஷத்தை ஓட்டினேன். இப்ப தெரிஞ்சு போச்சே, இனி எப்படித் தாங்குவேன்?"