நாற்பது பேர் பட்டியல்

அந்தப் போலீஸ் ஸ்டேஷனில் கேடிப் பட்டியல் என்று ஒன்று உண்டு. வருஷம் தவறாமல் மேலிடம் நாற்பது பேர் கேட்கும். நிஜக் கேடிகள் ஏழெட்டுப் பேர் தேறினாலே பெரிய விஷயம். மீதியை ஏட்டு ஒப்பேற்றிவிடுவார். செத்தவர்களைக்கூட விட்டுவைக்க மாட்டார். ஒரு வருஷம் முப்பத்தொன்பதிலேயே வண்டி நின்றுபோக, தன் தங்கை புருஷனான தையல்காரரை எழுதி நாற்பதாக்கினார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் பட்டியலை விட்டுப் போகவே இல்லை. தண்ணீர் லாரிக்காரனின் சட்டையைத் தையல்காரர் ஒருமுறை சண்டையில் பிடித்திருந்தார், அது போதாதா? எழுதியதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் ஸ்டேஷனில் எல்லாருக்கும் இருந்த தைரியம்.

ஊரில் கலவரம் வெடித்த பிறகு ராணுவம் வந்தது. இனி ஆள் பிடிப்பது அவர்கள் வேலை, வழி காட்டுவது போலீஸ் வேலை என்றாகிவிட்டது. கேப்டன் முதல் நாளே பட்டியலை வாங்கினார். பாவி மனுஷன், ஒரு வரி விடாமல் படித்தார்.

நேற்று மட்டும் பதினோரு வீடு. "அப்பா செத்து ஆறு வருஷமாச்சு சார்" என்று ஒருவன் சொன்னதை நம்பாமல், அவனையே லாரியில் ஏற்றினார்கள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஏட்டு லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று காலை ஜீப்பில் ஏறும்போது, "போனைக் குடுத்துட்டு ஏறுங்க" என்றார் கேப்டன். நேற்று கேட்காத போனை இன்று எதற்குக் கேட்கிறார்? எந்த வீடு என்றும் சொல்லவில்லை. நேற்று வழி கேட்ட டிரைவர் இன்று கேட்காமலே திரும்பினான். மருந்துக்கடை முனையில் இடது பக்கம் ஒடித்தான். அது தங்கை வீட்டுத் தெரு.

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார். துப்பாக்கிகளைப் பார்த்து மிரண்டவர், ஏட்டைக் கண்டதும் சிரித்தேவிட்டார்.

"பயப்படாதடி, மச்சான் கூட வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பை ஏட்டால் தாங்க முடியவில்லை.

"சார், இவர விட்டுடுங்க. இவர் என் மாப்பிள்ளை. பட்டியலே பொய் சார். ஆள் கணக்குக்காக நான்தான் எழுதினேன்."

கேப்டன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகப் பட்டியலை மடித்தார்.

"நேத்து பதினோரு வீட்டுக்கு வந்தீங்க. அங்கெல்லாம் நிஜமா இருந்த பட்டியல் இங்க வந்ததும் பொய்யாயிடுச்சா? சொந்தக்காரர்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"சத்தியமா சார், அந்தப் பதினோரு பேர்லயும்..."

"போதும். ரெண்டு பேரும் பின்னால ஏறுங்க."

சிப்பாய்கள் தையல்காரரின் தோளைப் பிடித்தார்கள். சிரிப்பு இன்னும் முழுசாகப் போகாத முகத்தோடு அவர் மச்சானைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். வாசலுக்கு வந்துவிட்டிருந்த தங்கை எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் அழவில்லை, கேப்டனைக் கெஞ்சவும் இல்லை. அண்ணனிடம்தான் வந்தாள்.

"இவங்களுக்கு எங்க வீடு எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சேன்" என்றாள். "நீ எழுதிக் குடுத்திருக்க."