கிளச்சை மிதித்தால் ஏறிய கிணறு

கிட்ட வந்து இருங்கள், கண்ணுகளே; பண்டத்தரிப்பு ஊரில் போன சித்திரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பஞ்சலிங்கம் தன் பழைய காரின் கிளச்சை மிதித்தால், வேலிக்கு அப்பால் அவருடைய அக்கா கேதீஸ்வரியின் கிணற்றில் தண்ணீர் ஏறும். வெங்காயம் நல்ல விலை போன வருடம் அது.

முதலில் இது யாருக்கும் தெரியாது. பெடல் நிலத்தோடு போய் ஒட்டிக்கொண்டது, கியர் மாறமாட்டேன் என்றது, அவ்வளவுதான். வைகாசியில் மகள் சிவகௌரிக்குக் கல்யாணம். அக்காவும் மனைவியும் மணப்பெண்ணாகக் கோயிலுக்குப் போன அந்தக் காரில்தான் மகளும் போவாள் என்று பஞ்சலிங்கம் மாப்பிள்ளை வீட்டாரிடம் வாய்விட்டிருந்தார்.

மெக்கானிக் சூசைதாசன் காருக்கடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, கிளச் ஒயிலும் குறையவில்லை. மேல் சிலிண்டரின் றப்பரை மாற்றினார், கீழ்ச் சிலிண்டரின் றப்பரையும் மாற்றினார். பிறகு குழாயில் அடைபட்ட காற்றை எடுத்தார்கள்: பஞ்சலிங்கம் பெடலை மிதித்துப் பிடிக்க, சூசைதாசன் கீழே ஆணியை இளக்கிக் குமிழிகளை வெளியேவிட்டு மறுபடி இறுக்குவார். குமிழி தீர்ந்த பிறகும் பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல இறங்கியது. அடுத்த நாளும் அப்படியே. பஞ்சலிங்கம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார், நாயோடு சண்டை பிடித்தார், கடைசியில் இது அக்கா வைத்த செய்வினை என்றார். எல்லை வேலியின் கதியால் தடிகளை யார் தள்ளி நட்டது என்ற வழக்கில் இருவரும் பேச்சை விட்டுப் பல வருடம்.

அந்த நேரம் வேலிக்கு மேலால் கேதீஸ்வரியின் தலை தெரிந்தது.

"சூசை, உந்தக் காருக்குள்ளை இருக்கிறவரிட்டைச் சொல்லு, மிதிக்கிறதை விடவேண்டாமெண்டு. எனக்கு இன்னும் ரெண்டு பாத்தி இறைக்கக் கிடக்கு."

"அவவிட்டைச் சொல்லு, நான் இஞ்சை தண்ணி இறைக்கேல்லை, கார் திருத்திறன் எண்டு," என்றார் பஞ்சலிங்கம்.

சூசைதாசன் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். "பெடலை மிதிக்கிற அழுத்தம் எல்லாம் இஞ்சைதான் வருது அண்ணை. தகரத்தாலை மூடி மேலை ஆராவது இருந்தால் கிளச் வேலை செய்யும்."

கேதீஸ்வரி தகரத்தின் மேல் ஏறி இருந்தார். கியர் சொன்னபடி கேட்டது. கல்யாணத்தன்றும் அதன்மேல் இருப்பதாக அவர் சூசைதாசனிடம் சொல்லிவிட்டார். ஆனால் அன்று காலை சிவகௌரி, மாலையும் கழுத்துமாகக் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமி தகரத்திலை குந்தியிருக்க எனக்குத் தாலி ஏறுறதோ? நான் வரேல்லை."

பஞ்சலிங்கம் பெடலை ஓங்கி உதைத்தார். பிறகு இறங்கிப் போய், வேலியில் ஒரு மட்டையை விலக்கி, இடையில் ஆளை வைக்காமல் சொன்னார்: "அக்கா, வெளிக்கிடு. கிளச்சும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"உனக்குக் கண் தெரியேல்லையோ? விடியவே பட்டுச்சீலையோடைதானே குந்தியிருக்கிறன்."

முதலாம் கியரைப் போட்டபடியே இஞ்சினை முடுக்கினார்கள். கார் ஒரு துள்ளுத் துள்ளிப் புறப்பட்டு, கியர் மாற்றாமல், மேளக்காரர் முன்னே நடக்கிற வேகத்தில் கோயிலுக்குப் போனது. முன்சீற்றில் கேதீஸ்வரி.

அந்தக் கிளச்சை இன்றுவரை யாரும் திருத்தவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அக்கா கூப்பிடுவார். தம்பி ஏசிக்கொண்டே போய்க் காருக்குள் இருந்து மிதிப்பார். உங்கள் வீடுகளிலும், செல்லங்களே, கோபித்துக்கொண்டவர்கள் சோறு ஆறுமுன்னே கதைத்துவிடட்டும்; பிள்ளைகள், குஞ்சுகுருமானோடு நன்றாக இருங்கள்.