பதினாறு போதும்

கம்ப்யூட்டர் கடைக்காரர் கையிலிருந்த பச்சை மெமரித் தகட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, "கேம் ஆட மட்டும்னா பதினாறு ஜிபி போதும்ணே, ஏற்கெனவே அது உள்ள இருக்கு. இன்னொரு பதினாறு எதுக்கு?" என்றார். கட்டட சைட்டில் எல்லோரும் சிஐடி என்று கூப்பிடும் அந்த மனிதர் தகட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சரக்கை விற்கிறவனே வேண்டாம் என்கிறான். மகளோ முப்பத்திரண்டு இல்லாமல் ஆகவே ஆகாது என்கிறாள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்லிக் கடைக்காரருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அப்ப யாருக்குத்தான் முப்பத்திரண்டு வேணும்?"

"கேமோட சேர்த்து வேற ஏதாவது அதுல ஓட்டுறவங்களுக்கு. உங்க பொண்ணு வேற என்ன பண்ணுது?"

"என்ன பண்ணும்? படிக்குது" என்றார், கொஞ்சம் விறைப்பாக.

கடைக்காரர் அதற்குமேல் துருவவில்லை. ஆடும்போது எவ்வளவு மெமரி செலவாகிறது என்று திரை மூலையில் எண் ஓடும், அதைப் போடச் சொல்லி ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மெஷினே சொல்லிவிடும் என்றார்.

இந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. கலவை மெஷினுக்கு மூட்டை பிரித்துப் போடுவதுதான் அவர் வேலை. எஞ்சினியர் வந்து நிற்கிற நாளில் மெஷின் பத்து மூட்டை தின்னும். அவர் வராத நாளில் அதே அளவு வேலைக்குப் பதினாலு தின்றதாகக் கணக்கில் எழுதியிருக்கும். மிச்சம் நாலும் எந்த கேட் வழியாக நடந்து போனது என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டதால் வந்த பெயர்தான் சிஐடி. அதற்கு முந்தைய கம்பெனியில், புது யூனிஃபார்ம் வாங்கியதற்கு என்று சொல்லி ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். வேலையை விட்டு நானே போகிறேன் என்று அதில் எழுதியிருந்தது மறுநாள் கேட்டில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. அதன்பிறகுதான், நாற்பத்து மூன்று வயதில், சிமெண்ட் மூட்டைமேல் இருக்கிற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் படிக்கத் தொடங்கினார். இன்றைக்கும் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் படிக்காமல் எதையும் விடுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் நோட்டு, காதில் பென்சில். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். திரைக்குள் யாரோ ஓடினார்கள், சுட்டார்கள், கூரைமேல் ஏறினார்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மூலையில் பச்சை எழுத்தில் இருந்த எண்ணைத்தான் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டார். 10.8. 11.2. 11.1. ஒரு பெரிய வெடி வெடித்துத் திரை முழுக்கப் புகையாகப் போனபோதும் 11.4. பன்னிரண்டைத் தொடவில்லை.

"புள்ளையவும் சிமெண்ட் மூட்டையாட்டம் எண்ண ஆரம்பிச்சாச்சா?" என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"எண்ணலைன்னா உன் வீட்டு ஜன்னல் வழியாவும் மூட்டை போகும்" என்றார். பிறகு நோட்டை மகளிடம் நீட்டினார். "பாரு. பன்னெண்டே வரல. பதினாறே உனக்கு மிச்சம்."

மகள் நோட்டைப் பார்க்கவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்தாள். "நீங்க பக்கத்துல உக்காந்தா அவ்வளவுதாம்பா காட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அது அவரை அரித்தது. மூட்டையைத் தோளில் ஏற்றும்போதும் அதுதான், இறக்கும்போதும் அதுதான். ஆள் நின்றால் குறைவாகத் தின்கிற மெஷின். ஆள் நகர்ந்தால் கூடுதலாகத் தின்கிற மெஷின். இருபது வருஷமாகப் பார்த்த கதை, வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. மகளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சொல்வாள். அவள் சொல்வதை நம்பாமல் போய்விடுவோமோ என்று பயமாக இருந்தது. ஊரில் ஒருவரையும் நம்பாதவர் அவர். சைட்டில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் வாயால் படித்துக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போடுவார். அவள் வாசித்ததைத் திரும்ப எழுத்துக்கூட்டிப் பார்த்ததில்லை. அதையும் பார்க்க வேண்டி வந்தால் வேறு யாரிடம் போவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனைவியும் துணி துவைக்கிற வேலைக்குப் போயிருந்தாள். தெருமுனை டீக்கடையில் இரண்டு டீ குடித்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசுகிற குரல் இல்லை அது. நாலு பேரை உட்கார வைத்துக் கதை சொல்கிற குரல். நடுநடுவே சிரித்தாள். எதிரில் பதில் சொல்கிற குரல் எதுவும் கேட்கவில்லை.

கதவைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு, நுனிக்காலில் நடந்துபோய் முதுகுக்குப் பின்னால் நின்றார். விளையாட்டு திக்கித் திக்கி ஓடியது. ஓடுகிற ஆள் நின்று நின்று துள்ளினான். மூலையில் பச்சை எண் 15.7.

"பிடிச்சிட்டேன்" என்று வாய்வரை வந்தது. அதற்குள் மகள் திரும்பிவிட்டாள். காதுக்கருவியின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மறுகையால் எதையோ அழுத்தினாள். விளையாட்டு மறைந்து வேறு பக்கம் வந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இதே சுவர், இதே கதவு. பக்கத்தில் எழுத்து வரிகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தன.

"யாரு இவங்கல்லாம்?"

"நான் ஆடுறதை நெட்ல லைவா பாக்க வர்றவங்கப்பா. நூத்து முப்பது பேரு. இதுக்குத்தான் மெமரி பத்தல."

"யாரோ நூத்து முப்பது பேரு நம்ம வீட்டுக்குள்ள பாக்குறானா?"

"என்னை மட்டும்தாம்பா. கதவு எப்பவும் சாத்தித்தான் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒவ்வொருத்தரும் யாரு, எந்த ஊரு, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பீங்க. நூத்து முப்பது பேருக்கும் நான் எங்கப்பா போவேன்?"

அவர் பெட்டியையே பார்த்தார். அதில் கதவு இன்னும் சாத்தியே இருந்தது. தான் இங்கே நிற்கும்போது அங்கே எப்படிச் சாத்தியிருக்கும்?

"அது கொஞ்சம் லேட்டாத்தான் காட்டும்" என்றாள் மகள், மெதுவாக.

அப்போது பெட்டிக்குள் கதவு திறந்தது. நரை ஏறிய ஓர் ஆள் தலையை மட்டும் நீட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு முழுக்க உள்ளே வந்தான். கையில் ஒரு ஜோடி செருப்பு. முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து, ஒவ்வோர் அடியாக, தன் மகளின் முதுகை நோக்கி நடந்து வந்தான்.

வரிகள் சடசடவென்று ஏறின. பாதி அவருக்குத் தெரியாத எழுத்து. மீதியைப் பிடிப்பதற்குள் மேலே போய் மறைந்தன. ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றே எழுத்து. உதட்டை அசைத்துக் கூட்டினார். சி. ஐ. டி.

"இது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகள் மைக்கைப் பொத்திய கையை எடுக்கவில்லை. "தப்பா ஒண்ணும் சொன்னதில்லப்பா" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். அங்கே அந்த ஆள் இன்னும் ஒன்றும் தெரியாமல், செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மகளின் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி, எதையோ எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.