எதிர்ப்பக்கப் பொத்தான்

பயிற்சியின் பயனை அளக்க ஆள் வருவதாக முகாம் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வந்த பெண்ணிடம் அளவு நாடா இல்லை. ஒரு டேப்லட் மட்டும் இருந்தது. கதவுக்குப் பதிலாகத் தொங்கிய போர்வையை விலக்கி, “பதினேழாம் நம்பர் நீங்கதானேக்கா?” என்று கேட்டாள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பதினேழாம் நம்பர் அவளுடைய தங்கை. வகுப்பில் வீட்டுக்கு ஒருவருக்குத்தான் இடம். மூன்று மாதம் தங்கை போய் வந்தாள். வந்த கையோடு சாக்குக்கட்டியும் பழந்துணியுமாக அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அன்றைய பாடத்தை ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். பிசகினால் வயது பார்க்காமல் வாத்தியார்போலத் திட்டுவாள். வகுப்பு முடிந்து மிஷின் வீட்டுக்கு வந்த நாற்பதாம் நாள் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் எழுதிய சாவு முகாம் அலுவலகம் வரை வந்து சேரவில்லை. இவளும் போய்ச் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர் இல்லாவிட்டால் மிஷின் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தங்கை மிதித்த மிஷின் அது. அதோடு, இப்போது அடுப்பு எரிவதும் அதனால்தான்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. வாயைக் குடுக்காம இருந்தா போதும்” என்று பக்கத்து அறைக்காரி முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

வந்தவள் வரிசையாகக் கேட்டாள். பயிற்சிக்கு முன் தன்னம்பிக்கை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்றாள். தன்னம்பிக்கைக்கும் சட்டைபோல அளவு உண்டு என்பது இவளுக்குத் தெரியாது. தங்கையை நினைத்துக்கொண்டு நாலு என்றாள். இப்போது எவ்வளவு என்றதும் தன்னை நினைத்துக்கொண்டு, “மூணு போட்டுக்கோம்மா” என்றாள். குறைகிறதே என்று வந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக ஒரு செய்முறை. ஆண்கள் சட்டையின் முன்பக்கம் தைத்து, ஒரு பொத்தானும் அதற்கான துளையும் வைத்துக் காட்ட வேண்டும். இது கைவந்த வேலை. மளமளவென்று முடித்து நீட்டினாள். வந்தவள் துணியைத் தன் மார்போடு வைத்துப் பார்த்தாள்.

“பக்கம் மாறியிருக்கேக்கா. மத்த பதினாறு பேரும் பொத்தானை இந்தப் பக்கம்தான் வச்சாங்க.”

இவள் தன் கைகளைப் பார்த்தாள். இவள் தைத்த சட்டையைப் போட்டால் கைக்குக் கை சண்டை வருகிறது என்று அதே வரிசை அறைக்காரர்கள் மாதக்கணக்காகக் கேலி செய்கிறார்கள். கேலிதானே என்று விட்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவளின் வலது பக்கம் தனக்கு இடது பக்கமாகத் தெரிந்ததும், அதைத் திருத்த அவள் இல்லாமல் போனதும் இப்போதுதான் ஒன்றாக வந்து உறைத்தன.

“அவ எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்துல்ல சொல்லிக் குடுத்தா” என்றாள், தனக்குத்தானே.

“யாரு?”

வாயைக் கொடுத்தாயிற்று. இனி மறைத்து என்ன?

“பதினேழாம் நம்பர். என் தங்கச்சி. இப்ப இல்ல.”

வந்தவள் டேப்லட் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். தொழில் செய்கிறார், செய்யவில்லை, இடம்பெயர்ந்துவிட்டார். மூன்றே கட்டங்கள்.

“இறந்தவங்களுக்கு இதுல கட்டமே இல்லையேக்கா” என்றாள். எதையும் தொடாமல் எழுந்து வெளியே போனாள்.

இவள் போர்வையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். குழாயடியில் தண்ணீருக்கு நின்றவர்களில் பாதிப் பேர் இவள் தைத்த சட்டையில்தான் இருந்தார்கள். அந்தப் பெண் டேப்லட்டின் மூன்று கட்டங்களுக்கு மேல் விரலைத் தூக்கியபடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்களில் மூட்டை தூக்கும் ஒருவர் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, வேர்வைக்குக் கழுத்துப் பொத்தானை அவிழ்க்க வலது கையால் தேடினார். கிடைக்கவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இடது கையை உயர்த்தினார்.