மார்ஷலின் முணுமுணுப்பு

ஸ்லாவ்கா தெரெஸினுக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. இரண்டு சர்வாதிகாரிகளை ஒரே மேசையில், கை எட்டும் தூரத்தில் பார்க்கப்போகிறாள். எல்லை ஊரில் பிறந்தவள் என்பதால் ஆற்றின் இரு கரை மொழிகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளைக் காரில் ஏற்றி, நடு ஆற்றில் நங்கூரமிட்டிருந்த நீராவிக் கப்பலுக்குக் கொண்டுவந்து, மொழிபெயர்ப்பதற்காக ஜெனரல் வித்தோமிரின் தோளுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

வித்தோமிர்தான் அவள் நாட்டை ஆள்பவர். அவளுடைய அக்காள் கணவர் போன கோடையிலிருந்து அவருடைய சிறையில் கிடக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த மார்ஷல் ஹெல்ட்மார், மேற்கே இருந்த நாடுகளையெல்லாம் விழுங்கிவிட்டு ஆற்றங்கரைவரை வந்து நிற்பவர். வித்தோமிரின் படை தன்னோடு கிழக்குப் போர்முனைக்கு வரவேண்டும் என்பது அவர் கோரிக்கை. பதிலுக்குத் தெற்கே ஒரு துறைமுகம் தருவதாகச் சொல்லியிருந்தார். கடலே இல்லாத நாட்டுக்கு அது சின்ன ஆசையா என்ன? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவில் மை நிரப்பி வைத்தாயிற்று.

கெண்டைமீன் சூப்பு வந்தபோது, மார்ஷல் தன்னுடைய நொண்டிக் குதிரையைப் பற்றி வேடிக்கையாக ஏதோ சொன்னார். ஸ்லாவ்கா வாயைத் திறப்பதற்கு முன்பே ஜெனரலின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிற துடிப்பு.

அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை மார்ஷல் இலையுதிர் காலம் என்று சொன்னதை, வேண்டுமென்றே குளிர்காலம் என்று மாற்றிச் சொன்னாள். ஜெனரல் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டாள். சந்தேகமே இல்லை, மனிதருக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். அப்படியானால் தான் எதற்கு? யோசித்துப் பார்த்ததில் அதுவும் பிடிபட்டது. அவள் பேசுகிற நேரமெல்லாம் அவர் யோசிக்கிற நேரம்.

கொஞ்ச நேரத்தில் மார்ஷல் தன் மந்திரியின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்.

"துறைமுகம் தர்றோம்னே சொல்லிவை. அறுவடை முடியட்டும், இவன் நாட்டையும் சேர்த்து எடுத்துக்கலாம். இந்தக் கிழவன் என்ன பண்ணிடப்போறான்?"

அது ஜெனரலுக்குச் சொன்னதல்ல. ஸ்லாவ்கா மொழிபெயர்க்கவில்லை. ஜெனரலின் கரண்டியும் நிற்கவில்லை. சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்க ஆரம்பித்தார். ஒரு துறைமுகம் போதாது, பக்கத்துத் தீவும் வேண்டும். குளிர்காலம் முழுக்க கோதுமை வேண்டும். பீரங்கி, நிலக்கரி, ரயில் என்ஜின் எல்லாம் வேண்டும், அதுவும் முன்கூட்டியே. மார்ஷல் ஒரு படி இறங்கி வந்தால் இவர் இன்னும் இரண்டு கேட்டார். மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

உண்மையில் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கடைசியில் மார்ஷல் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லும்மா," என்றார் ஜெனரல்.

மார்ஷல் எழுந்துவிட்டார். ஊற்றிவைத்த பிளம் பிராந்தியைத் தொடக்கூட இல்லை.

படகில் கரைக்குத் திரும்பும்போது ஜெனரல் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்த ஆளு மந்திரிகிட்ட என்னமோ முணுமுணுத்தாரே, என்னம்மா அது?"

காதில் விழவில்லை என்று சொன்னால் அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் தெரியாதவள்போல அப்படியே ஒப்பித்துவிடலாம். ஆனால் இவ்வளவு கண்டுபிடித்த பிறகு அப்படி நடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்க காதுல விழுந்ததுதான் ஐயா என் காதுலயும் விழுந்துச்சு."

ஜெனரல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"குதிரை கதையில."

"என்னை வளர்த்த ஆயா அந்தக் கரைக்காரி. இது தெரிஞ்சவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல."

அதிலிருந்த மிரட்டல் அவளுக்குப் புரிந்தது. இருந்தும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அவர் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பீங்களா ஐயா?"

"போட்டிருப்பேன்," என்றார் அவர், சாதாரணமாக.

அவளை அவர் கொல்லவில்லை. மறுவாரமே மலைமேல் ஒரு சிறிய பள்ளிக்கு மாற்றல் வந்தது. வாசலில் நிரந்தரமாக ஒரு போலீஸ்காரன். வித்தோமிரின் படை போர்முனைக்குப் போகவே இல்லை. அறுவடைக்கு முன்பே கிழக்கே அடி வாங்கிய மார்ஷலுக்கும் இந்தப் பக்கம் திரும்ப நேரம் கிடைக்கவில்லை. அவள் பாடம் சொல்லிக்கொடுத்த பையன்கள் போருக்குப் போகாமல் கலப்பை பிடித்தார்கள். ஜெனரலைச் சமாதானத் தந்தை என்று எல்லா ஊரிலும் சிலை வைத்துக் கொண்டாடினார்கள். அக்காள் கணவர் சிறையிலேயே இருந்தார்.

பிறகும் பல வருடம் ஒரே ஒரு சந்தேகம் அவளை விடவில்லை. அத்தனை பெரிய தந்திரக்காரரான மார்ஷல், காது கேட்கும் தூரத்தில் எதிராளியும் மொழி தெரிந்த தானும் உட்கார்ந்திருக்கும்போது எதற்காக அதை வாய்விட்டுச் சொன்னார்? கேட்கட்டும் என்றுதானா? மலைப்பள்ளியில் யாரிடம் போய்க் கேட்பது? ஒருநாள் போலீஸ்காரனிடமே கேட்டுப் பார்த்தாள். பெரிய இடத்து விஷயம், நமக்கெதற்கு டீச்சர் என்று சொல்லிவிட்டு அவன் அடுப்புக்கு விறகு பிளக்கப் போய்விட்டான்.