வால் பக்கத்துப் பாரம்

என் கணவர் அருமைநாதன் ஓய்வு பெற்றபோது மற்ற ஆண்களைப் போல ஒரு சாய்கதிரையை வாங்கியிருக்கலாம். அவர் வாங்கியது இருபத்து நான்கு அடி நீளமான ட்ரெயிலர். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. அதை எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் கொழுவிக்கொண்டு இருவருமாகக் கனடாவைச் சுற்றப் போகிறோம் என்றார். சுற்றியது ஒரே ஒரு தடவை. போன வருடம் சென் ஆன் என்கிற அன்னம்மாளின் திருநாளுக்கு, மொன்றியலிலிருந்து கியூபெக் நகரத்துக்கு அப்பால் இருக்கிற அந்தக் கோயிலுக்குப் போனோம்.

பாதி வழியில் ட்ரெயிலர் ஆடத் தொடங்கியது. பக்கத்தால் ஒரு பெரிய லொறி கடந்து போனது, அவ்வளவுதான். பின்னால் வந்த வீடு இடமும் வலமுமாக அடிக்க, முன்னால் நாங்களும் சேர்ந்து இழுபட்டோம். நான் கத்தினேன். அதை மறைக்க என்ன இருக்கிறது? அவர் ஒருவாறு வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கி, பின்னால் வந்துகொண்டிருந்த என் தங்கை சர்மிளாவின் காரில் ஏறிவிட்டேன். திரும்பி வந்ததும் அவளுடைய காரில்தான்.

"வரேக்கை ஒரு ஆட்டமும் இல்லை. நூல் பிடிச்ச மாதிரி வந்தது," என்று அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். ட்ரெயிலரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதன்பிறகு ஒரு வருடமாக யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்லி, இவருக்கு இழுக்கத் தெரியாது என்று சிரிக்க வைத்தேன். அவரும் கூட இருந்து சிரிப்பார்.

இந்தக் கோடையில் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார்.

"இஞ்சரும், பிக்கப்பின்ரை பின் சஸ்பென்ஷனைப் பலப்படுத்தப் போறன். அதுக்குப் பிறகும் நீர் ஏறமாட்டன் எண்டால் ட்ரெயிலரை வித்துப்போடுவம். லாவாலிலை ஒருத்தர் கேட்டவர். நான் தனியச் சுத்துறதுக்கு வாங்கேல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னார். அதனால்தான் எனக்கு வலித்தது.

சென் லோறனில் ஜெனாட் என்ற தம்பி கராஜ் வைத்திருக்கிறார். பிக்கப்பை உயர்த்தி வைத்து எங்களுக்கு அடிப்பக்கத்தைக் காட்டினார். பின் சில்லுகளுக்கு மேலே நீளமான இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவைதான் ஸ்பிரிங். அந்தத் தகடுகளுக்கும் மேல் சட்டத்துக்கும் இடையில் பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த ரப்பர்க் காற்றுப்பைகளைப் பொருத்தினார். ட்ரெயிலரைக் கொழுவியதும் பின்பக்கம் குந்தினால், பைக்குக் காற்றடித்து நிமிர்த்திக்கொள்ளலாம்.

"ஆனால் அண்ணை, இது நிமித்தும், அவ்வளவுதான்," என்றார் ஜெனாட். "கதவிலை ஒட்டியிருக்குதே, இவ்வளவு பாரம்தான் ஏத்தலாம் எண்டு, அந்த எண் மாறாது. ஒருக்கால் முழுச் சாமானையும் ஏத்தி ஓடிப் பாருங்கோ."

இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கு இது புதிய பாடமல்ல. இருபத்தொரு வருடமாக டொர்வலில் விமானச் சரக்குக் கூடத்தில் வேலை செய்கிறேன். எந்தப் பெட்டி எத்தனை கிலோ, அது முன்னுக்கா நடுவிலா வாலிலா என்று தாளில் பதியாமல் ஒரு பெட்டியும் உள்ளே போகாது. வாலில் பாரம் கூடினால் என்ன நடக்கும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இனி என் இரகசியத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் பனிக்காலத்தில் இவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆறு மணித்தியாலம் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தேன். இவர் எழும்பி நடந்தால், மூன்று வருடம் இவருடைய எடைக்கு எடை அரிசி, சென் ஆன் திருநாளில் எங்கள் சனத்துக்குச் சமைக்கிற அடுப்புக்குக் கொடுப்பேன் என்று நேர்ந்துகொண்டேன். நேர்த்தி முடியுமட்டும் யாருக்காக நேர்ந்தோமோ அவருக்கு வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சர்மிளாவுக்கு மட்டும் தெரியும்.

அதனால் போன வருடம் எண்பத்தாறு கிலோ அரிசியை, ட்ரெயிலரின் பின்கோடியில் கட்டிலுக்குக் கீழே வெளியால் திறக்கிற பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். இந்த வருடம் இவர் தொண்ணூற்றிரண்டு. நாற்பது இறாத்தல் மூட்டை ஐந்தும் ஒரு சிறு பொட்டலமும். ஒரு கைப்பிடி குறைந்தாலும் அன்னம்மாளுக்குப் பொய் சொன்னதாகிவிடும் என்று வேலைத்தலத்துத் தராசில் வைத்து நிறுத்தேன். இவர் முடிவெட்டப் போன நேரம் நானும் சர்மிளாவும் மூச்சு வாங்க வாங்க மூட்டைகளை அதே பெட்டிக்குள் அடுக்கினோம்.

திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை காலை வெள்ளோட்டம். எங்கள் கோயில் பங்குச் சனத்தின் இரண்டு பெரிய சமையல் கிடாரங்கள், காஸ் சிலிண்டர், மடக்குக் கதிரைகள் எல்லாம் ஏற்றியாயிற்று. இவர் ட்ரெயிலரைக் கொழுவி, காற்றுப்பைகளுக்குக் காற்றடித்து, நாலைந்து எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தார். பிக்கப் மேசை மட்டமாக நின்றது. போன வருடம் அது பின்பக்கம் குந்தி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கும் நம்பிக்கை வந்தது. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏறினேன்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறி மேற்கே போனோம். எண்பது வரையும் ஒன்றுமில்லை. இவர் விசிலடிக்கக்கூடத் தொடங்கினார். தொண்ணூற்றைத் தொட்டதும் காற்று ஒன்று பக்கத்தால் அடித்தது. பின்னால் ஒரு இழுப்பு. பிறகு மற்றப் பக்கம். பிறகு இன்னும் பெரிதாக.

இவர் ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்தி, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராக்கினார். அடுத்த வெளிவாசலால் இறங்கி ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் நிறுத்தினார். பயம் போன கையோடு கோபம் வந்தது.

"பாத்தீங்களே? காத்துப்பை, ஸ்பிரிங் எண்டு ஒரு மாசமாய்க் கூத்தாடினியள். நான் சர்மிளாவைக் கூப்பிடுறன்."

"சரி," என்றார். "லாவால்காரரையும் வரச் சொல்லுறன்."

அவர் ட்ரெயிலரின் வாசற்படியில் குந்திக்கொண்டார். ஒரு மாதமாக அந்தப் பிக்கப்பின் கீழே குனிந்து நிமிர்ந்த மனிதர், இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தார். அது என்னை இன்னும் எரிச்சலூட்டியது. பிழை எங்கே என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் போவது என்று, கைப்பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்தேன். வேலையில் கீறுகிறது போல ஒரு நீளப் பெட்டி கீறி மூன்றாகப் பிரித்தேன். மூக்கு, அச்சு, வால்.

"மூக்கிலை காஸ் சிலிண்டர். சரி. நடுவிலை கிடாரம், கதிரை. சரி. வாலிலை..."

பேனா நின்றது. எத்தனை தடவை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், வாலில் பாரம் வைக்காதே, மூக்குப் பாரம் குறைந்து பின்பக்கம் அலையும் என்று! கிராம் கணக்கில் நிறுத்த அரிசியை நான் ஒருநாளும் பாரமாக எண்ணவேயில்லை. அது நேர்த்தி. நேர்த்தி எப்படிப் பாரமாகும்?

இவர் எழும்பி வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"அந்த அரிசியையும் எழுதும்," என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"போன வருஷம் சமையலுக்கு நிண்ட அன்டன் வந்து என்ரை கையைப் பிடிச்சவன். 'அண்ணை, உங்கடை எடைக்கு வந்த அரிசியிலைதான் இண்டைக்கு எல்லாருக்கும் சோறு' எண்டு. சர்மிளா அவனுக்குச் சொல்லிப்போட்டாள் போலை."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நேர்த்தி முடியுமட்டும் நீர் சொல்லமாட்டீர். நான் கேட்டுக் கெடுக்கிறதே? அதுதான் சஸ்பென்ஷனை மாத்தினனான். நான் ஆறு கிலோ கூடினது எனக்குத் தெரியும்தானே. அரிசியும் கூடும், அதைத் தாங்கவேணும் எண்டு நினைச்சன். நீர் அதை எங்கை ஒளிச்சு வைக்கிறீர் எண்டதுதான் எனக்குத் தெரியாமல் போச்சு."

ஒரு வருடம். எத்தனை வீட்டு மேசைகளில் இவரை வைத்துச் சிரித்திருப்பேன்! திரும்பி வரும்போது ஆடவில்லை என்று இவர் சொன்னது உண்மைதான். அப்போது அரிசி இறங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"என்னை மன்னியுங்கோ," என்றேன். "இழுக்கத் தெரியாதது உங்களுக்கில்லை. ஏத்தத் தெரியாதது எனக்குத்தான்."

"சரி, சரி. இப்ப ஏத்தும் பாப்பம்," என்று உறையை என் கையில் திருப்பித் தந்தார்.

ஏற்றினேன். அரிசியைப் பிக்கப்புக்கு மாற்றினால் அதன் பாரம் கூடும் என்பதால், கிடாரங்களைச் சர்மிளா வந்து தன் காரில் எடுத்துப் போகட்டும் என்று இறக்கி, தள்ளுவண்டில் கிடைக்குமா என்று பக்கத்துக் கடையில் கேட்டு, ஐந்து மூட்டையையும் பொட்டலத்தையும் வாலிலிருந்து எடுத்துப் பிக்கப்பின் பின் இருக்கையில் வரிசையாக வைத்தோம். கதவிலுள்ள எண்ணுக்குள் எங்கள் இருவரையும் சேர்த்து எல்லாம் அடங்குகிறதா என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இவர் காற்றுப்பைகளைச் சரிபார்த்துவிட்டு, மூட்டைகளுக்கு ஆசனப்பட்டியும் போட்டார். பிடவைக் கடைப் பொம்மை போல அசையாமல் அவை எங்கள் பின்னால் இருந்தன.

சர்மிளா வந்து கிடாரங்களை ஏற்றிக்கொண்டு, "அக்கா, வாறியோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நான் இவரோடை வாறன்," என்றேன்.

நெடுஞ்சாலையில் வீட்டுப் பக்கமாகக் கிழக்கே திரும்பினோம். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. ஒரு நீண்ட லொறி எங்களைக் கடந்தது. நான் கதவுப்பிடியைப் பிடித்தேன். பிக்கப் ஒருதரம் மெல்ல அசைந்து நேரானது. பின்னால் ட்ரெயிலர் சொன்ன சொல் கேட்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பிடியை விட்டேன்.

தொலைபேசி அடித்தது. லாவால்காரர். இவர் வீதியைப் பார்த்தபடி என்னைப் பார்க்காமல் இருந்தார். நானே பொத்தானை அழுத்தி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "மெஸ்யூ, அது விற்பனைக்கு இல்லை, மெர்சி," என்று சொல்லி வைத்தேன்.

அவர் மறுபடி விசிலடிக்கத் தொடங்கினார். அடுத்த வருடம் மூன்றாவது தடவை, நேர்த்தியின் கடைசி அரிசி. அதற்குள் இந்த மனிதரைக் கொஞ்சம் மெலிய வைத்தால் ஏற்றுகிற வேலை குறையும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு வேண்டாம், பாரமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.